மடிப்பு இல்லாத ஒரு வாரம்

2018 நவம்பர் கடைசியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் என் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பொருள். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புத்தகமாவதற்கு முன்னால், அவரே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் முப்பத்தாறு வாரம் தொடர்கதையாக வந்தது. முதல் அத்தியாயம் வந்த இதழின் தேதி 1860 டிசம்பர் 1, கடைசி இதழின் தேதி 1861 ஆகஸ்ட் 3. அந்தப் பத்திரிகைத் தாள்களையே கையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இணையத்தில் விற்றவர், 'பத்திரிகையில் வந்த முதல் வடிவம், முழுமையானது, தோல் முதுகு வைத்த பைண்டிங்' என்று எழுதியிருந்தார். அந்தப் பத்திரிகையின் அரையாண்டுத் தொகுதிகள் இரண்டு வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்தது ஒரே ஒரு புத்தகம், எடையும் குறைவு. திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. யாரோ ஒவ்வொரு இதழிலிருந்தும் நாவல் வந்த பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, வரிசையாக அடுக்கித் தைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் என் ஏமாற்றம் புரியும். வாரம் 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, படம் கிடையாது, விலை இரண்டு பென்னி. தொடர்கதை முதல் பக்கத்தில் தொடங்கும், ஐந்தாறு பக்கம் ஓடும், ஏதோ ஒரு பத்தியின் நடுவில் முடியும். முடிந்த இடத்துக்கு நேர் கீழேயே அடுத்த கட்டுரையின் தலைப்பு வந்துவிடும். இடத்தை வீணாக்குவதே இல்லை. ஆகவே கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்தால், கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரத்தின் கடைசித் தாளிலும் வேறொரு கட்டுரையின் தலைப்பும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். தாள் முடியும் இடத்தில் அது பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும். அடுத்த தாளைத் திருப்பினால் அடுத்த வாரம். கதாநாயகன் பிப் எங்கேயோ நின்றுகொண்டிருப்பான்.

விற்றவருக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதினேன், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று. அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். திருப்பி அனுப்பினால் பணத்தைத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: நாவல் முழுசாக இருக்கிறதே, உங்களுக்கு என்ன குறைகிறது? நான் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கேள்விக்கு உடனே நான்கு பதில் தோன்றியது, நான்கும் சரியான பதில்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கடைசி வரி

பத்திரிகையில் வந்த வடிவத்தை ஏன் தேட வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கதை அதே கதைதானே? இல்லை என்பதை நான் கண்டுகொண்டது இந்த நாவலின் கடைசி வரியில்தான். கல்லூரியில் நாங்கள் படித்த மலிவுப் பதிப்பில், இடிந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து, தான் காதலித்த எஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிப் வெளியே வருகிறான். அவளிடமிருந்து இன்னொரு பிரிவு வரும் என்பதற்கான நிழல் எதையும் தான் காணவில்லை என்று சொல்லிக் கதையை முடிக்கிறான். 1861 ஆகஸ்ட் 3 இதழில் அந்த வரி வேறு மாதிரி இருக்கிறது. அங்கே பிப் ஒரு நிழலைப் பார்க்கிறான். பிரிவு இல்லை என்பதன் நிழல். தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பிரிவில்லாமையின் நிழல் என்றால் ஓரளவு கிட்டே வரும். முதலாவது நிம்மதியான வாக்கியம். இரண்டாவது அப்படியில்லை, நிழல் என்ற சொல் அதில் விழுந்தபடியே கிடக்கிறது. 1862 பதிப்புக்குத்தான் டிக்கன்ஸ் இதை மாற்றினார். கையெழுத்துப் பிரதியிலோ இன்னும் இரண்டு சொல் கூடுதலாக இருந்தது: 'ஒன்றைத் தவிர'. சாவு ஒன்றைத் தவிர வேறு பிரிவில்லை என்று எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டார்.

இந்த முடிவே அவர் முதலில் எழுதிய முடிவு இல்லை என்பது பலருக்குத் தெரிந்த கதை. முதலில் எழுதியதில் எஸ்டெல்லா ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டிருப்பாள். லண்டன் தெரு ஒன்றில் இருவரும் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிரிந்துபோவார்கள். நண்பர் புல்வர் லிட்டன் அச்சுத் தாள்களைப் படித்துவிட்டு மாற்றச் சொன்னார், டிக்கன்ஸ் மாற்றினார். சேர்ந்தார்களா சேரவில்லையா என்று இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அந்த விவாதத்தைவிட இந்த ஒரு வரிதான் பெரிது. அந்த ஆகஸ்ட் வாரம், எட்டு மாதம் காத்திருந்த வாசகர்கள் இந்த நிழலோடுதான் பத்திரிகையை மூடி வைத்திருக்கிறார்கள். நான் படித்த வாக்கியம் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

அப்புறம் தேடத் தேட இப்படி நிறையக் கிடைத்தது. 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 பிப்ரவரியில் 'பென்ட்லீஸ் மிசலனி'யில் தொடங்கியபோது, ஆலிவர் பிறந்த ஊருக்கு மட்ஃபாக் என்று ஒரு பெயர் இருந்தது. அதே பத்திரிகையின் முந்தைய மாதத்தில் டிக்கன்ஸ் எழுதிய ஒரு நையாண்டிக் கட்டுரையின் ஊர் அது. புத்தகத்தில் அந்தப் பெயர் காணாமல் போய், பெயர் சொல்ல விரும்பாத ஊராகிவிட்டது. ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரே' 1890 ஜூலையில் 'லிப்பின்காட்ஸ்' மாத இதழில் ஒரே இதழில் முழுசாக வந்தது, பதின்மூன்று அத்தியாயம். அடுத்த வருடம் புத்தகமானபோது இருபது அத்தியாயம். இடையில் அந்த இதழுக்கு எழுந்த எதிர்ப்பில், ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவல். 1891 ஜூலை முதல் டிசம்பர் வரை 'தி கிராஃபிக்' வாரப் பத்திரிகையில் வந்தது. வெள்ளம் தேங்கிய பாதையில் நாயகி டெஸ் உட்பட நான்கு பால்காரப் பெண்களை, அவள் மேல் காதல் கொண்ட ஏஞ்சல் ஒவ்வொருவராகக் கைகளில் தூக்கிக் கடத்திவிடும் காட்சி நாவலில் உண்டு. டெஸ்ஸைத் தூக்கும்போது அவன் சொல்வது, அவள் மனசு அடித்துக்கொள்வது, மற்ற மூவரும் அதைக் கவனிப்பது, எல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தில் நடக்கிறது. குடும்பப் பத்திரிகைக்கு இது ஆகாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஹார்டி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வைத்தார். 'கிராஃபிக்' வாசகர்களின் ஏஞ்சல், பெண்களை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான். டெஸ்ஸுக்கு நேர்ந்த பெரிய கொடுமையும் பத்திரிகையில் இல்லை, போலிக் கல்யாணம் ஒன்று அதன் இடத்தில் இருந்தது. வெட்டி எடுத்த பகுதிகளில் இரண்டை ஹார்டி வேறு இரண்டு பத்திரிகைகளுக்குத் தனித்தனிக் கதையாகக் கொடுத்தார். தன் நாவலைத் தானே கையால் அறுத்து, துண்டுகளை வேறு வேறு இடத்தில் பத்திரப்படுத்தி, புத்தகமாகும்போது திரும்ப ஒட்டிய மனிதரை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கும். பத்திரிகையைப் பார்க்காதவர்களுக்கு அந்தத் தழும்பு தெரியாது.

முதல் பக்கம்

ஆனால் பிரித்தெடுத்த பக்கங்களால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதை நான் முழுத் தொகுதியில் பார்த்திருக்கிறேன். ஒரு நூலகத்தில் 'ஆல் தி இயர் ரவுண்ட்' நான்காம் தொகுதியை மேசை மேல் வைத்து, ஒரு மதியம் முழுக்கப் புரட்டினேன். 1860 ஆகஸ்டிலிருந்து பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது சார்லஸ் லீவர் என்ற ஐரிஷ் எழுத்தாளரின் 'எ டேஸ் ரைட்'. வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, விற்பனை இறங்கியது. தன் அடுத்த கதையை நிதானமாக இருபது மாதத் தொடராக எழுதலாம் என்று திட்டமிட்டிருந்த டிக்கன்ஸ், அதைக் கைவிட்டு, அந்தக் கதையை வாரத்துக்கேற்பச் சுருக்கி, பத்திரிகைக்குள் தானே இறங்கினார். நமக்குக் கிடைத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இப்படிக் கிடைத்தது. அதன் வேகத்துக்கும் அடர்த்திக்கும் அந்த வாரக் கெடுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். இருபது மாதம் கிடைத்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

தொகுதியில் டிசம்பர் 1 இதழைத் திருப்பினால் முதல் பக்கத்தில் கல்லறையில் நிற்கும் பிப். லீவர் எங்கே? பின்னால் தள்ளப்பட்டிருக்கிறார். கதையை நிறுத்தவில்லை, மார்ச் மாதக் கடைசி வரை வாராவாரம் பின்பக்கங்களில் வந்துகொண்டே இருக்கிறது. டிக்கன்ஸ் அவருக்கு முன்கூட்டியே மரியாதையோடு எழுதித் தெரிவித்தவர்தான். ஆனாலும் அத்தனை வாரமும் தன் கதை பின்னால் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் எழுதி முடித்திருக்கிறார். எழுதுகிறவன் யாருக்கும் இது வலிக்கும். என் கையில் இருக்கும் புத்தகத்தில் லீவரின் ஒரு வரி கூட இல்லை. என்ன குறைகிறது என்று கேட்ட விற்பனையாளருக்கு நான் மனசுக்குள் சொன்ன முதல் பதில் இதுதான்.

வாசகர்கள் ஒரு பத்திரிகையில் எதையெதையெல்லாம் சேர்த்துப் படித்தார்கள் என்பதும் போய்விடுகிறது. 'கார்ன்ஹில்' மாத இதழில் 1864 ஆகஸ்டிலிருந்து எலிசபெத் கேஸ்கலின் 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' வந்துகொண்டிருந்தது. 1865 நவம்பரில், கணவருக்குத் தெரியாமல் அவர் வாங்கி வைத்திருந்த புது வீட்டில், பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து கேஸ்கல் இறந்துபோனார். 1866 ஜனவரி இதழைத் திறந்த வாசகர்கள் கடைசி அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், கதை எப்படி முடிந்திருக்கும் என்று ஆசிரியர் பிரெடரிக் கிரீன்வுட் எழுதிய குறிப்பைப் படித்தார்கள். புத்தகத்திலும் அந்தக் குறிப்பைச் சேர்க்கிறார்கள், நானும் அங்கேதான் படித்தேன். ஆனால் புத்தகத்தை வாங்குகிறவனுக்கு அது முடியாத நாவல் என்று முன்பே தெரியும். மாதாமாதம் ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் பதினெட்டாவது மாதம் அந்த இடத்துக்கு வந்து நின்ற ஒருவரின் கையிலிருந்த இதழை, அதே மேலட்டையோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை.

அந்த மேலட்டைதான் இந்தத் தேடலின் பெரிய சிக்கல். விக்டோரியா காலத்துப் பத்திரிகைகளின் அரையாண்டுத் தொகுதிகள் ஒன்றும் அபூர்வமில்லை. பழைய புத்தகக் கடைகளில் அடிமட்டத் தட்டில் தூசியோடு கிடக்கும், விலையும் எட்டாத விலையில்லை. காரணம் எளிது. பதிப்பாளர்களே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பைண்டு செய்து விற்றார்கள், வாசகர்களும் தங்கள் இதழ்களைக் கொண்டுபோய் பைண்டரிடம் கொடுத்தார்கள். பைண்டர் முதலில் செய்யும் வேலை மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துக் குப்பையில் போடுவது. அதனால் மேலட்டையோடு தப்பிய தனி இதழ்களுக்கு யானை விலை. 1887 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்' என்ற ஒரு ஷில்லிங் இதழில்தான் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக வந்தான். கோனன் டாயிலுக்கு மொத்த உரிமைக்கும் சேர்த்து 25 பவுன்தான் கொடுத்தார்கள். உலகத்தில் அந்த இதழ் முப்பத்துச் சொச்சம் பிரதிதான் தெரியவந்திருக்கிறது, 2007இல் ஒரு பிரதி 1,56,000 டாலருக்கு ஏலம் போனது. படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கென்றே அச்சடித்த பொருள். சேர்த்து வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாததால்தான் இன்று அந்த விலை.

ஆக, சேகரிப்பவர்கள் மத்தியில் ஒரு தரவரிசை உண்டு. மேலட்டையோடு தனி இதழ் உச்சியில். அரையாண்டுத் தொகுதி நடுவில். பிரித்தெடுத்துத் தைத்தது கடைசியில், பலர் அதைத் தொடவே மாட்டார்கள். நானும் அந்தத் தரவரிசையை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கோணி ஊசி

மன்னார்குடி வீட்டில் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் அம்மா தைத்து வைத்த தொடர்கதைகள். பெரும்பாலும் குமுதத்தில் வந்த சாண்டில்யன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த காலத்திலேயே அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறேன். தொடர் முடிந்ததும் சேர்த்து வைத்த இதழ்களை எடுத்து, நடுவில் உள்ள பின்னை நெம்பி எடுத்து, கதை வந்த தாள்களை மட்டும் உருவி, வாரக் கணக்கில் அடுக்கி, ஓரத்தில் கோணி ஊசியால் ஓட்டை போட்டு, நூல் கோத்து இறுக்குவாள். மேலே பழைய காலண்டர் அட்டை, முதுகில் மைதா பசையில் ஒட்டிய ஒரு துணிப் பட்டை. மிச்சப் பத்திரிகை எடைக்குப் போய்விடும்.

கதை ஒரு பக்கத்தில் முடிந்தால் அதன் பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரமோ, பாதி ஜோக்கோ, சினிமாச் செய்தியின் வாலோ இருக்கும். ஜோக்கின் பதில் அடுத்த தாளில் இருந்திருக்கும், அது எங்கள் வீட்டில் இல்லை. சின்ன வயதில் நான் கதையைவிட அந்தப் பாதி ஜோக்குகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன், என்ன பதில் இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து. இதை நான் சொன்னால் என் வயதுக்காரர்கள் பலர் தலையாட்டுவார்கள், ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் இது உண்டு. தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றும் இப்படித்தான் வந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. விக்டோரியா அப்போது உயிரோடு இருந்த ராணி, 'டெஸ்' வந்து இரண்டே வருடம்.

என் அம்மா செய்ததும் லண்டனில் யாரோ செய்ததும் ஒரே காரியம். அம்மாவின் தொகுப்புகளை நான் உயிராக நினைக்கிறேன். யாராவது அவற்றை, 'முழு இதழ் இல்லையே, இதற்கு மதிப்பில்லை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே வாயால்தான் அந்த விற்பனையாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? முழு இதழில்தான் லீவரின் வலி தெரியும், கேஸ்கலின் வெற்றிடம் தெரியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரித்தெடுத்ததில் என்ன தெரியும்? அதை நான் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமைகள்

புத்தகத்தைத் திருப்பி அனுப்பாததற்கு ஒரு தற்செயலும் காரணம். 1860 டிசம்பர் 1 சனிக்கிழமை. 2018 டிசம்பர் 1ஆம் தேதியும் சனிக்கிழமை. அங்கிருந்து ஆகஸ்ட் 3 வரை எல்லாக் கிழமையும் அப்படியே பொருந்தும் என்று நாட்காட்டியைப் பார்த்தபோது தெரிந்தது. சரி, வாரத்துக்கு ஒரு பகுதி, அந்தந்தச் சனிக்கிழமையில் மட்டும், முன்னால் புரட்டாமல் படிப்பது என்று முடிவு செய்தேன். மூன்றோ நான்கோ முறை படித்த நாவல்தான். ஆனாலும் இப்படிப் படித்ததில்லை.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. கதை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் தொடங்குகிறது. பிப் அக்கா வீட்டுச் சமையலறையில் கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிளறிக்கொண்டே, சதுப்பு நிலத்தில் பசியோடு கிடக்கும் கைதிக்குச் சாப்பாடு திருட வேண்டுமே என்று நடுங்குகிறான். இரண்டாவது வாரம் கிறிஸ்துமஸ் விருந்து, கடைசியில் கைவிலங்கை நீட்டிக்கொண்டு வாசலில் சிப்பாய்கள். டிசம்பரில் இதை வாசித்த வீடுகளிலும் அதே புட்டிங் தயாராகிக்கொண்டிருந்திருக்கும். நான் மே மாதத்திலோ ஜூனிலோ மின்விசிறிக்கடியில் படித்த கதை இது, அந்தக் குளிர் எனக்குத் தெரியாது. இந்த முறை ஜன்னலுக்கு வெளியே யார்க்‌ஷயர் பனிமூட்டம் இருந்தது. பிறகு மே மாதம் ஒரு சனிக்கிழமை, புயல் இரவில் படியேறி வருகிறவன் யார் என்று தெரியும் அத்தியாயம் வந்தது. அதற்கடுத்த ஏழு நாள் எனக்கு நிஜமாகவே நீளமாக இருந்தது. என்ன நடக்கும் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மார்ச் மாதத்தில் நடந்தது. ஒவ்வொரு வாரமும் அந்த ஐந்தாறு பக்கத்தைத்தான் தடவித் தடவிப் படிக்கிறேன் என்பதால், கதையோடு தாளும் பழகிவிட்டது. எல்லாத் தாளின் நடுவிலும் குறுக்காக ஒரு மடிப்பு. பழைய மடிப்பு, அந்த இடத்தில் எழுத்து லேசாகத் தேய்ந்திருக்கும், மடிப்பின் ஓரம் கொஞ்சம் அழுக்கேறியிருக்கும். யாரோ வாராவாரம் இதழை வாங்கி, இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அல்லது தபாலில் மடித்து வந்திருக்கலாம். ஒரு வாரம் மடிப்பு கொஞ்சம் கோணலாக இருக்கும், இன்னொரு வாரம் இரட்டை மடிப்பு. அரையாண்டுத் தொகுதியாக வாங்கியிருந்தால் இந்த மடிப்புகள் இருந்திருக்கவே முடியாது.

2019 மார்ச் 9. நான் படிக்க வேண்டியது 1861 மார்ச் 9 தேதியிட்ட இதழ். பிப் லண்டனில் குடியேறிய புதிது, பெரிய சம்பவம் எதுவும் நடக்காத பகுதி. தாளைத் திருப்பினேன், மடிப்பு இல்லை. ஐந்தாறு பக்கமும் சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி நேராக இருந்தன. தாளின் நிறம் ஒரு சாயல் வெளுப்பு. தையல் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால், மற்ற வாரங்களைவிட மயிரிழை அளவு குறைவாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்த வாரத்தில் மடிப்பு திரும்ப வந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஒருமுறை முழுதாகப் புரட்டினேன், முன்னால் புரட்டக் கூடாது என்ற என் விதியை அன்றைக்கு மட்டும் மீறி. முப்பத்தைந்து வாரம் மடிப்போடு இருக்கிறது. ஒரே ஒரு வாரம் இல்லை.

அந்த வார இதழ் தொலைந்திருக்கிறது. மழையில் நனைந்ததா, கடன் வாங்கிப் போனவர் தரவில்லையா, தெரியாது. பைண்டு செய்யும் நேரத்தில் அது இல்லை என்று கண்டு, இரண்டு பென்னி கொடுத்தோ கேட்டு வாங்கியோ வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். யாரும் மடிக்காத, யாரும் பையில் கொண்டுபோகாத பிரதி.

நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை எனக்கு. அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு தொகுப்பு இருக்கிறது. நடுவில் ஒரு வாரம் மட்டும் அச்சில் இல்லை. கோடு போடாத நோட்டுத் தாள்களில், நீல மையில், அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குமுதம் நாலு வீடு சுற்றிவிட்டுத்தான் திரும்பும், ஒரு வாரம் திரும்பவில்லை. அம்மா கிளை நூலகத்துக்கு இரண்டு மதியம் போய் உட்கார்ந்து, அந்த வாரத்தை முழுசாக எழுதி எடுத்து வந்தாள். இரண்டு பத்தியாகவே எழுதியிருப்பாள், அச்சில் இருக்கிற மாதிரி. படம் இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'படம். குதிரை மேல் இருவர், பின்னால் கடல்' என்று எழுதியிருப்பாள். சின்ன வயதில் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு குதிரை வரைந்து நான் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு அந்தத் தாள்கள் நன்றாக நினைவிருந்தன. எந்தக் கட்டம் என்று கூடச் சொன்னாள், கப்பல் கரை தட்டுகிற இடம். நூலகத்தில்தான் படித்தாகிவிட்டதே, அப்புறம் எதற்கம்மா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதாடா கதை? நான் படிச்சாச்சு. அடுத்தது உங்க பெரியம்மா படிக்கணும், அப்புறம் எதிர்வீட்டு டீச்சர். நடுவுல ஒரு வாரம் இல்லேன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

பேசி முடித்த பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் வரும் வெற்றுத் தாளில் இரண்டு பெயர்ச் சுருக்கங்கள் இருக்கின்றன. வாங்கிய அன்றே பார்த்ததுதான், பழைய புத்தகங்களில் இருக்கிற சாதாரண விஷயம் என்று கடந்துபோயிருந்தேன். மேலே இருப்பது பழுப்பேறிய மையில், சாய்வான எழுத்து. கீழே இருப்பது பென்சிலில், குண்டு குண்டாக, வேறொருவர் கை.